“மருமோன், யூரி எண்டா என்ன?”

கனகராயன்குளத்தான்:
காணி எல்லைச் சண்டையில் ஒருவர் இறந்துபோய் எங்கள் மாமா கொலை வழக்கில் மாட்டிக்கொண்டார். வவுனியா மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் வாசித்து முடிந்ததும் யூரி முன்னால் விளக்கம் (வழக்கு விசாரணை) வேண்டுமா என்று கேட்டார்கள். மாமா கூண்டுக்குள் நின்றபடி சட்டத்தரணியைப் பார்த்தார், அவர் தலையை ஆட்டினார், மாமா “வேண்டாம் ஐயா” என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த கிழமை மறியலில் பார்க்கப் போனபோது கம்பிவலைக்கு அந்தப்பக்கம் நின்று என்னிடம் கேட்டதுதான் தலைப்பில் இருக்கிறது. எனக்கும் தெரியவில்லை.

அப்புறம்தான் தேடி வாசித்தேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி கொலை போன்ற பாரிய வழக்குகளில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) கேட்டால் சாதாரண சனங்களில் 7 பேர் யூரியாக இருந்து குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்வார்கள், குறைந்தது 5 பேராவது ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. அந்த உரிமை இருக்கிறது என்பதை எதிரிக்குச் சொல்லாமல் விட்டதற்காகவே மேன்முறையீட்டில் தண்டனை தள்ளுபடியாகி மறுவிளக்கம் நடந்த வழக்குகள் உண்டு. அவ்வளவு பெரிய விசயத்தை மாமா என்னவென்றே தெரியாமல் வேண்டாம் என்றிருக்கிறார்.

முள்ளியவளை வாத்தியார் பேத்தி:
எங்கள் அப்பப்பா அறுபதுகளில் யாழ்ப்பாணத்தில் யூரியாக இருந்தவர். இரவில் பனங்காட்டுக்குள் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் எதிரியின் முகத்தைக் கண்டதாக ஒரு சாட்சிக்காரர் சொன்னாராம், அதுவும் முப்பது யார் தள்ளி நின்று. யூரிமார் அறைக்குள் போனதும் அப்பப்பா கேட்டது ஒன்றுதான்: “லாம்பு பிடிச்சவன்ரை காலடிதான் தெரியும், அங்காலை நிக்கிறவன்ரை முகம் தெரியுமோ?” எதிரி விடுதலை. பனங்காட்டு இருட்டில் நடந்து பழகியவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

செட்டிகுளம் அண்ணா:
சரி தங்கச்சி, ஆனால் 2006இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் கொலை வழக்கை மறக்க முடியுமா? 2016 டிசம்பரில் சிங்களம் பேசும் யூரிமார் எதிரிகள் எல்லோரையும் விடுதலை செய்தார்கள். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. யூரி என்றாலே எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

கனகராயன்குளத்தான்:
அண்ணா, அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. எந்த மொழி யூரி என்று எதிரி மட்டும் தெரிவுசெய்கிற முறையை மாற்றத்தான் வேண்டும், செத்தவரின் வீட்டாரையும் கேட்க வேண்டும். அதற்காக யூரியையே எடுத்துவிட்டால் நட்டம் எங்கள் பிள்ளைகளுக்குத்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் யூரி கிடையாது, நீதிபதி தனியாகத்தான் விசாரிப்பார், பொலிஸ் அதிகாரி எடுத்த வாக்குமூலமும் சாட்சியமாகும். என் ஒன்றுவிட்ட அண்ணனின் வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது, கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்து தமிழில். அது எப்படி என்று கேட்க அங்கே 7 பேர் இருக்கவில்லை.