காம்பாட் மிஷன் நார்மண்டி: காலாட்படைக்குத் தெரியும் டாங்கி ஷெர்மனுக்கு ஏன் தெரியவில்லை?

கேள்வி: காம்பாட் மிஷன் என்ற கணினிப் போர் விளையாட்டில், புதர்வேலிக்குப் பின்னால் நிற்கும் பான்சர் 4 என்ற ஜெர்மன் டாங்கியை என் ஸ்குவாட் (சிறு காலாட்படைக் குழு) பார்த்துவிட்டது. சற்றுத் தள்ளி நிற்கும் என் அமெரிக்க டாங்கியான ஷெர்மன் சும்மா இருக்கிறது. இது பிழையா?

பதில் 1: பிழையில்லை. இந்த வரிசையில் 2000-இல் வந்த முதல் ஆட்டத்தில் ஒருவன் பார்த்தால் எல்லோரும் பார்த்த மாதிரி. 2007-இல் இதே வரிசையில் ஷாக் ஃபோர்ஸ் வந்ததிலிருந்து ஒவ்வொரு அணிக்கும் தனிப் பார்வை. தகவல் குரல், சைகை, ரேடியோ வழியாகத்தான் போகும். ஸ்குவாடை டாங்கிக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஷெர்மனைத் தேர்ந்தெடுத்தால் அந்த இடத்தில் கேள்விக்குறி (எதிரி இருக்கலாம் என்ற சந்தேகக் குறி) தெரியவேண்டும், அதுவரை நகர்த்தாதீர்கள். பிறகு டாங்கியின் மேல்மூடியைத் திறந்து, எதிரியைக் கண்டதும் நின்றுவிடும் 'ஹன்ட்' கட்டளையில் மெதுவாக முன்னேற்றுங்கள். 'ஃபாஸ்ட்'டில் பாய்ந்தால் பான்சர்தான் முதலில் சுடும்.

பதில் 2: உண்மையான ஓட்டை வேறு. எதையும் பார்க்காத மெஷின்கன்னை அதே வேலிமேல் ஏரியா ஃபயர் (எதிரியைப் பார்க்காமலே ஓர் இடத்தைக் குறித்துச் சுடுவது) செய்யச் சொன்னால் சுடுகிறது! வானத்திலிருந்து பார்க்கும் நமக்குத் தெரிந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? நண்பர்களோடு ஆடும்போது கேள்விக்குறி இல்லாத அணி ஏரியா ஃபயர் செய்யக்கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: அவ்வளவு கறார் வேண்டாம். சந்தேகப்பட்ட வேலியைச் சுட்டுப் பார்ப்பது 1944-இல் அமெரிக்கப் படை நிஜமாகவே செய்ததுதான். குண்டு செலவாகும், அதுவே தண்டனை. கட்டளை கொடுத்த பிறகு 60 விநாடி ஆட்டம் தானாக ஓடும் டர்ன் முறையில் ஆடுங்கள். நடுவில் கட்டளையை மாற்ற முடியாது என்பதே பாதி யதார்த்தத்தைக் கொடுத்துவிடும்.