பெர்த்துக்குச் செல்கிறோம்: ஃப்ரீமாண்டிலில் தங்கலாமா, ஒரு நாளில் பார்த்துத் திரும்பலாமா?

அஸ்தம்பட்டிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் வரும் பிப்ரவரி மாதக் கடைசியில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் வசிக்கும் எங்கள் மகளைப் பார்க்கச் செல்கிறோம். சேலத்திலிருந்து காரில் திருச்சி, அங்கிருந்து சிங்கப்பூர், பிறகு பெர்த் எனப் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகும் நாள்களில் வீட்டிலேயே அடைந்து கிடக்காமல், ஸ்வான் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஃப்ரீமாண்டில் என்ற துறைமுக ஊரில் நாங்கள் இருவர் மட்டும் சில நாள் தங்கலாம் என்று நினைக்கிறோம். மகளோ, "அரை மணி நேர ரயில் பயணம்தானே அப்பா, காலையில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாமே, அறை வாடகை எதற்கு?" என்கிறாள்.

ஆறு என்றால் எங்களுக்குத் திருமணிமுத்தாறுதான். சேர்வராயன் மலையில் தெளிந்த நீராகப் பிறந்து, ஊருக்குள் நுழைவதற்குள் சாக்கடையாகிவிடும் அந்த ஆற்றைப் பார்த்துப் பார்த்தே எங்களுக்கு வயதாகிவிட்டது. அதனால் ஓர் ஆறு நல்லபடியாகக் கடலைச் சேரும் இடத்தில் இரண்டு மூன்று நாள் அவசரமின்றி இருந்துவிட்டு வர வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. அவருக்கு மூட்டுவலி உண்டு. சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார், படிகள் அதிகம் ஏற முடியாது. இருவரும் சைவம். அந்த ஊரை நேரில் அறிந்தவர்கள், தங்குவது தகுமா என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர் எழுதியது:

ஐயா, உங்கள் மகள் சொல்வது சரி என்பதே என் கருத்து. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடும்பத்தோடு பெர்த்தில் பத்து நாள் இருந்தோம். அதில் ஃப்ரீமாண்டிலுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு நாள். பழைய சிறைச்சாலை, ரவுண்ட் ஹவுஸ் என்ற பன்னிரண்டு பக்கக் கட்டடம், கடல்சார் அருங்காட்சியகம், சந்தை ஆகிய எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பெர்த் திரும்பிவிட்டோம். ஊர் சிறியது, எல்லாம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவிலேயே இருக்கிறது. ஆனால் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 1897-இல் கட்டிய அந்தச் சந்தை வாரத்தின் மற்ற நாள்களில் திறப்பதில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மகளைப் பார்க்கப் போகிற தாய் வெறுங்கையோடு போக மாட்டார். ஆனால் ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருள் சோதனை மிகக் கடுமையானது. என் மனைவி அரைக் கிலோ பால்கோவாவையும் ஈரத்துணியில் சுற்றிய ஒரு கட்டுக் கறிவேப்பிலையையும் பெட்டிக்குள் வைத்திருந்தார். விமானத்தில் கொடுத்த படிவத்தில் உணவுப் பொருள் இருப்பதாகக் குறித்திருந்தோம் என்பதால், இரண்டையும் எடுத்துக்கொண்டு, அபராதம் எதுவும் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். குறிக்காமல் மறைத்தால் அபராதம் பெரிய தொகை. பாலில் செய்த இனிப்பு, பழம், பச்சை இலை, விதை, தேன் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மசாலாப் பொடியைக்கூடப் படிவத்தில் குறித்துவிட்டே கொண்டுபோங்கள்.

கன்னங்குறிச்சிப் பெண் எழுதியது:

ஐயா, நான் செவிலியராக மூன்று ஆண்டுகள் ஃப்ரீமாண்டிலில் வேலை பார்த்து, அங்கேயே வாடகை வீட்டில் இருந்தவள். இப்போது சேலத்துக்குத் திரும்பிவிட்டேன். மேலே எழுதிய ஐயாவின் சுங்கச் சோதனை அறிவுரையை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நாள் போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன். ஒரு நாளில் கட்டடங்களைப் பார்த்துவிடலாம் என்பது உண்மைதான். அம்மா ஆசைப்படுவது ஆறு கடலைச் சேரும் இடத்தில் இருந்துவிட்டு வருவதற்கு. அதற்குக் காலையும் வேண்டும், மாலையும் வேண்டும்.

அங்கே பிப்ரவரி கடுங்கோடை. சில நாள்களில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். நம் சேலத்து மே மாதம் போலத்தான் இருக்கும், காற்று இன்னும் வறண்டிருக்கும். நிலம் காலை முழுவதும் சூடேறி, அதன் மேலிருக்கும் காற்று மேலெழும்ப, நண்பகலுக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து குளிர்ந்த கடற்காற்று உள்ளே புகும். அந்தக் காற்றை அங்கே எல்லாரும் 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். வெயிலில் துவண்டுபோன உடம்புக்கு வைத்தியர் வந்தது போல இருக்கும் என்பதால் வந்த பெயர். பகல் இரண்டு மணி வரை என் வீட்டுச் சன்னல்களை இறுக மூடி வைத்திருப்பேன். எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி திடீரென ஒரே பக்கமாகப் படபடக்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவேன். கால் மணி நேரத்தில் வீடு வேறு வீடாகிவிடும். ஒரே நாளில் திரும்புகிறவர்கள் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை, அதாவது வெயில் கொல்லும் நேரம் முழுவதும், தெருவில் நடந்துவிட்டு, காற்று வரும்போது களைத்துப்போய் ரயிலுக்குக் காத்திருப்பார்கள். அங்கேயே தங்குகிறவர்கள் அந்த நேரத்தை அறையில் ஓய்வாகக் கழித்துவிட்டு நான்கு மணிக்கு மேல் வெளியே வரலாம். மூட்டுவலி உள்ளவருக்கு இந்த வேறுபாடு பெரிது.

பெர்த்திலிருந்து ரயிலில் போகும்போது வலப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். நார்த் ஃப்ரீமாண்டில் நிலையம் தாண்டியதும் ரயில் பாலத்தின் மேல் ஆற்றைக் கடக்கும். அப்போது துறைமுகம் முழுவதும் அந்தப் பக்கம் தெரியும். நீங்கள் பார்க்கப்போகிற ஆற்றுவாய், இயற்கை விட்ட நிலையில் இல்லை. சுண்ணாம்புப் பாறைத் திட்டு ஒன்று அதன் குறுக்கே கிடந்ததால் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் இருந்தது. கடிதக் கப்பல்கள் நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆல்பனி என்ற துறைமுகத்தில்தான் நிற்கும். சி. ஒய். ஓகானர் என்ற பொறியாளர், பாறையை வெடிவைத்துத் தகர்த்து ஆற்றுக்குள்ளேயே துறைமுகம் அமைக்க முடியும் என்று வாதாடிச் செய்தும் காட்டினார். 1897-இல் துறைமுகம் திறந்தது. 1900-இல் கடிதக் கப்பல்களும் அங்கே வந்தன. கல்கூர்லி தங்கவயலுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேலான தூரம் குழாயில் தண்ணீர் கொண்டுபோகும் திட்டமும் அவருடையதே. அது நிறைவேறாது என்று அவர் மேல் வாரியிறைத்த பழிச்சொற்களைத் தாங்காமல், 1902 மார்ச்சில் ஃப்ரீமாண்டிலுக்குத் தெற்கே உள்ள கடற்கரையில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பத்தே மாதத்தில், 1903 ஜனவரியில், அந்தக் குழாயில் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அவர் இறந்த கரையோரத்தில், குதிரையின் மேல் அவர் இருப்பது போன்ற சிலையைக் கடல்நீருக்குள்ளேயே நிறுத்தியிருக்கிறார்கள். மேட்டூர்த் தண்ணீரைக் குழாயில் பிடித்து வாழும் ஊரில் பிறந்தவள் என்பதாலோ என்னவோ, அந்தச் சிலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

கடல்சார் அருங்காட்சியகம் ஆற்றுவாயின் ஓரத்தில், துறைமுக மேடையில் இருக்கிறது. உள்ளே போகாவிட்டாலும் அதன் வெளியே மாலையில் அமருங்கள். கப்பல்கள் அந்தக் குறுகிய வழியாகத்தான் நுழைய வேண்டும். பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல் ஒன்று நம் எதிரே ஊர்ந்து போகும்போது, ஆறு மாடிக் கட்டடம் நகர்ந்து போவது போல இருக்கும். மேல்தளத்தில் நிற்கும் மாலுமி கையசைப்பதுகூடத் தெரியும். வடக்கு அலைத்தடுப்புச் சுவரின் முனையில் சிவப்புக் கலங்கரை விளக்கம், தெற்குச் சுவரின் முனையில் பச்சைக் கலங்கரை விளக்கம். காலை ஆறரை மணிக்குத் தெற்குச் சுவர்ப் பக்கம் போனால் தூண்டில் போடுகிறவர்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்; சில நாள்களில் ஓங்கில்கள் (டால்பின்கள்) ஆற்றுக்குள்ளேயே வந்துவிடும். பாதை சமதளம் என்பதால் அம்மாவுக்குச் சிரமம் இருக்காது.

இன்னொன்று: நாம் பழகிய மெரினாவிலும் பூம்புகாரிலும் சூரியன் கடலிலிருந்து எழும். அங்கே கடலுக்குள் இறங்கும். பிப்ரவரிக் கடைசியில் ஆறரை மணிக்கே பாதர்ஸ் கடற்கரைக்குப் போய்விடுங்கள். அது ரவுண்ட் ஹவுஸின் அடிவாரத்திலேயே இருக்கும் சிறிய கரை. எதிரே விரிந்து கிடப்பது நம் இந்தியப் பெருங்கடல்தான். ஊரை நினைத்து அழுத நாள்களில் நான் போய் உட்கார்ந்த இடம் அது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் எழுதியது:

அம்மையார் எழுதியதற்குப் பிறகு தங்குவது பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சிறைச்சாலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மூட்டுவலி உள்ளவர் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பிரிட்டனிலிருந்து கைதிகளை ஏற்றிய முதல் கப்பல் 1850-இல் அங்கே வந்தது. அந்தக் கைதிகளைக் கொண்டே, அந்த இடத்திலேயே வெட்டிய சுண்ணாம்புக் கல்லால், அவர்களை அடைப்பதற்கான சிறையைக் கட்டினார்கள். 1991 வரை அது சிறையாகவே இயங்கியது. 2010-இல் மற்ற ஆஸ்திரேலியக் கைதிகள் தலங்களோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. வழிகாட்டியோடுதான் உள்ளே சுற்ற முடியும். பலவகைச் சுற்றுகளில் சுரங்கப் பாதைச் சுற்றை நீங்கள் எடுக்க வேண்டாம். அதற்கு இருபது மீட்டர் ஆழத்துக்கு ஏணியில் இறங்க வேண்டும். சாதாரணச் சுற்றுக்கே சீட்டு வாங்குங்கள். வாங்கும்போதே முழங்கால் நிலையைச் சொல்லிவிடுங்கள். ஓர் ஆள் கையை நீட்டினால் இரு சுவரும் தொடும் அளவுக்கான அறைகள். நான் ஒன்றுக்குள் நின்று கதவுப் பக்கம் திரும்பியபோது, உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்றே தோன்றியது.

ரவுண்ட் ஹவுஸ் 1831-இல் கட்டிய பன்னிரண்டு பக்கச் சிறை. மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்று நிற்கும் பொதுக் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான். பகல் ஒரு மணிக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள். எல்லாரும் அதைப் படம் பிடிப்பார்கள், நீங்களும் பிடியுங்கள். ஆனால் அந்த மண்ணின் நூங்கார் மக்களையும் மற்றத் தொல்குடியினரையும் விலங்கிட்டு ராட்னஸ்ட் தீவுச் சிறைக்கு அனுப்புவதற்கு முன் அடைத்து வைத்ததும் அங்கேதான் என்பதை மறந்துவிடாதீர்கள். நூங்கார் மொழியில் அந்த ஊரின் பெயர் வால்யலப். அறிவிப்புப் பலகைகளில் அந்தப் பெயரையும் காண்பீர்கள்.

கப்பற்சிதைவு அருங்காட்சியகம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. 1629-இல் உடைந்த படேவியா என்ற டச்சுக் கப்பலின் அடிமரங்களைக் கடலடியிலிருந்து எடுத்துவந்து, உடலை மீட்டுச் சேர்த்தது போல அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் அது. கொளுத்தும் பகலில் ஒரு மணி நேரம் குளிர்ச்சியாக இருக்கவும் அதுவே சரியான இடம்.

சைவச் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். இத்தாலியக் குடியேறிகள் நிறைந்த ஊர் என்பதால் காய்கறி பாஸ்தா எங்கும் கிடைக்கும், இந்திய உணவகங்களும் உண்டு. சவுத் டெரஸ் தெருவில் வரிசையாகக் காப்பிக் கடைகள். நம் ஊர் டிகாஷன் காப்பியின் கசப்பை எதிர்பார்க்காமல், பால் கலந்த 'ஃப்ளாட் ஒயிட்' கேளுங்கள், நன்றாகவே இருக்கும். தொடர்புடைய ஒரு சிறு செய்தி: ஃப்ரீமாண்டிலுக்குத் தெற்கே கடல் நிலத்துக்குள் புகுந்திருக்கும் பகுதிக்குக் காக்பர்ன் என்று எழுதி, கோபர்ன் என்று உச்சரிக்கும் ஒரு பெயர் உண்டு. ஏற்காட்டுக்கு 1820-களில் காப்பிச் செடி கொண்டுவந்த சேலம் கலெக்டரின் பெயரும் காக்பர்ன் என்பதால் நான் மகிழ்ந்துபோய் விசாரித்தேன். அது ஒரு கடற்படைத் தளபதியின் பெயர்; நம் கலெக்டர் வேறு ஆள்.

அஸ்தம்பட்டிவாசி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இவை அனைத்தையும் நேற்றிரவு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கடற்காற்று வந்ததும் சன்னல்களைத் திறந்த பகுதியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். மகளிடமும் பேசிவிட்டோம். வியாழன் மாலை போய், சந்தை திறந்திருக்கும் நாள்களில் அங்கேயே இருந்து, ஞாயிறன்று மகளும் மருமகனும் வந்து எங்களை அழைத்துக்கொள்வதாக முடிவு. கன்னங்குறிச்சி அம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: ராட்னஸ்ட் தீவுக்குப் படகில் போவது எங்கள் வயதில் சரியாக இருக்குமா?

கன்னங்குறிச்சிப் பெண் எழுதியது:

தாராளமாகப் போகலாம் ஐயா. ஃப்ரீமாண்டிலிலிருந்து படகில் ஏறத்தாழ அரை மணி நேரம்தான். காலை முதல் படகில் போய்விடுங்கள். பிற்பகலில் அந்தத் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் அலை தூக்கிப் போடும், அம்மாவுக்கு வயிற்றைப் பிரட்டும். குமட்டல் மாத்திரையை இங்கேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீவைச் சுற்றப் பேருந்து உண்டு. குவாக்கா என்ற சிறு விலங்கு காலடிக்கே வந்து நிற்கும்; அதற்குத் தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது. அகன்ற தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் அவசியம். அறை எடுக்கும்போது மேற்குப் பார்த்த சன்னல் இருக்கிறதா, அதைத் திறக்க முடியுமா என்று மகளைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.