சொல் வேண்டும்: ‘ஸ்ட்ராப்பிங்’, ‘செல்ஃப் கேர்’

அனைவருக்கும் வணக்கம்.

சவரக்கத்தியால் தானே மழித்துக்கொள்வது பற்றி ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். பிளேடு மாற்றுகிற ரேசரைச் சொல்லவில்லை. மடக்கி விரிக்கிற, ஒரே அலகு உள்ள பழைய கத்தி. எட்டு மாதமாக நானும் அதில்தான் மழிக்கிறேன். இரண்டு இடங்களில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

ஒன்று, ஸ்ட்ராப்பிங். மழிக்கும் முன் கத்தியைத் தோல் வாரில் போட்டு மாற்றி மாற்றி இழுப்பது. முதல் வரைவில் ‘தீட்டுதல்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர், தீட்டுவதுதானே என்று சாணைக்கல்லில் தள்ளுவது போலவே கத்தியின் வாய் முன்னால் போகும்படி தோலில் தள்ளிவிட்டார். தோல் வாரில் விரல் நீளத்துக்கு வெட்டு. கத்தியும் மழுங்கிவிட்டது. தப்பு என் சொல்லில்தான். கல்லுக்கும் தோலுக்கும் ஒரே வினை போட்டால் வேறென்ன நடக்கும்?

இரண்டு, செல்ஃப் கேர். தன் உடலையும் மனத்தையும் தானே கவனித்துக்கொள்வது. இந்தக் கத்தியை எடுப்பவர்களில் பலர் அதற்காகத்தான் எடுக்கிறார்கள். ‘சுய பராமரிப்பு’ என்று எழுதினால் எனக்கு ஏதோ இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற நினைவு வருகிறது. தன் நலம் என்று பிரித்து எழுதினாலும் படிப்பவர் சேர்த்துத்தான் படிப்பார். சேர்த்தால் சுயநலம்!

உதவுங்கள்.

* * *

மறுமொழி

தம்பிக்கு,

நல்ல கேள்வி. முதலில் தோலைப் பார்ப்போம்.

> கல்லுக்கும் தோலுக்கும் ஒரே வினை போட்டால்

அங்கேதான் சிக்கல். கல்லில் கத்தியின் வாய் முன்னால் போகிறது, இரும்பு தேய்ந்து உதிர்கிறது. தோலில் முதுகு முன்னால் போகிறது, வாய் பின்னால் இழுபட்டு வருகிறது. உதிர்வதற்கு அங்கே ஏதுமில்லை என்றே சொல்லலாம். மழித்ததில் லேசாக வளைந்து நெளிந்த மெல்லிய விளிம்பு நேராகிறது, அவ்வளவுதான். தீட்டிய அரிசி என்கிறோம், தவிடு போனதால். அதனால் ‘தீட்டல்’ கல்லுக்கே இருக்கட்டும். (மை தீட்டுவது, ஓவியம் தீட்டுவது எல்லாம் உதிர்ப்பதா என்று யாராவது கேட்கப் போகிறீர்கள். தெரியும். கத்தியின் பக்கத்தில் அந்தப் பொருள் வராது.)

தோலுக்கு நான் சொல்வது: நீவல்.

துணியில் மடிப்பு விழுந்தால் என்ன செய்கிறோம்? நீவி விடுகிறோம். சுளுக்கு விழுந்தாலும் நீவி விடுகிறோம். அழுத்தாமல், ஒரு போக்கில், நெளிந்ததை நேராக்குவது என்ற மூன்று பொருளும் அந்த ஒரு வினையில் இருக்கின்றன. உங்கள் நண்பருக்கு ‘நீவு’ என்று சொல்லியிருந்தால் கை தானாகவே தளர்ந்திருக்கும். ‘தடவு’ என்றால் எண்ணெய் தேடுவார். ‘உரசு’ என்றால் தீப்பெட்டி.

அப்புறம் அந்த வாருக்குப் பெயர். ‘தீட்டுவார்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். இலக்கணப்படி பழுதில்லை, வினைத்தொகைதான். ஆனால் ‘ஆணியில் தீட்டுவார் தொங்குகிறது’ என்று எழுதிப் பாருங்கள், யார் அந்தப் பாவம் என்று பதறுவார்கள். ‘நீவுவார்’ என்றாலும் அதே கதை. எனவே நீவுதோல். பல வார்களில் தோலோடு சேர்த்து ஒரு முரட்டுத் துணிப்பட்டையும் இருக்கும் இல்லையா? முதலில் அதில், பிறகு தோலில். அது நீவுதுணி. ஒரு வேர், மூன்று சொல்.

கத்தியின் பெயரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து யாராவது ‘நேர்க்கத்தி’ என்று கிளம்புவார்கள். ஆங்கிலத்தில் இது ஸ்ட்ரெயிட் ரேசர். அந்த ‘ஸ்ட்ரெயிட்’ என்ற அடை பிற்காலத்தில் வந்து ஒட்டியது. வேறு வகை ரேசர் பரவிய பிறகுதான் பழையதைப் பிரித்துச் சொல்ல வேண்டிவந்தது. தூக்கியெறியும் பிளேடுக்கு ஜில்லெட் காப்புரிமை பெற்றது 1904-இல். பிரிட்டனில் இதே கத்தியைத் தொண்டையறுப்பான் என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் முட்டைக்கோஸ் வெட்டி என்கிறார்கள். அவரவர் அச்சம், அவரவர் கிண்டல். நாம் எதற்கு மொழிபெயர்த்துக்கொண்டு? தமிழில் சவரக்கத்தி என்றாலே இந்த மடக்குக் கத்திதான் கண்ணில் வரும். மற்றதை நாம் ரேசர் என்றுதானே சொல்கிறோம்.

வினைக்கு ‘மழித்தல்’ போதும். குறளிலேயே இருக்கிற சொல். ‘சிரைத்தல்’ பொருளில் குறையில்லாத சொல்தான். ஆனால் ஒரு தொழிலையே இழிவுபடுத்தும் வசவாக அதை ஆக்கி வைத்திருக்கிறோம், கையேட்டில் வேண்டாம்.

இன்னொன்று. தானே மழித்துக்கொள்ளக் கற்பதற்கு 1769-இலேயே பாரிஸில் பெரே என்ற கத்தி செய்பவர் நூல் எழுதினார். தாடி, வெட்டு என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘போகோனோடோமி’ என்று தலைப்பு வைத்தார். கலைச்சொல் ஆக்குகிற ஆசை நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

* * *

மறுமொழி

ஐயா, நீவல் பிரமாதம். ‘சவரம்’ மட்டும் உறுத்துகிறது, அது வடமொழி ‘க்ஷௌரம்’ என்பதன் திரிபு. ‘மழிகத்தி’ என்று வைத்தால் மழித்தலோடு சேர்ந்து போகுமே?

* * *

மறுமொழி

மழிகத்தி அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த பொருளுக்குத் தெரியாத பெயர் எதற்கு? சொல் இல்லாத இடத்தில் நம் உழைப்பைச் செலவழிப்போம்.

* * *

மறுமொழி

வணக்கம். இரண்டாவது சொல்லை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தற்பேணல் என்று சொல்லலாம். தன் + பேணல். தற்காப்பு உருவான அதே வழி. ‘பேண்’ பராமரிப்பைவிடக் கனிவான வேர். உடலையும் பேணுவோம், உறவையும் பேணுவோம், யாரும் பம்புசெட்டைப் பேணுவதில்லை.

எனக்கே ஒரு தயக்கம் உண்டு. தற்பெருமை, தற்புகழ்ச்சி, தற்கொலை என்று ‘தற்’ போகிற இடமெல்லாம் சரியில்லை. தற்காப்பு ஒன்றுதான் அந்தத் தெருவில் நல்ல வீடு.

ஆனால் தம்பி தன் கேள்வியின் முதல் வரியிலேயே விடை வைத்திருக்கிறார், கவனித்தீர்களா? ‘மழித்துக்கொள்வது’ என்று எழுதியிருக்கிறார். ஆங்கிலம் ‘செல்ஃப்’ என்று முன்னால் ஒட்டுவதை நாம் ‘கொள்’ என்று பின்னால் சேர்க்கிறோம். அவன் மழித்தான் என்றால் யாரை என்று கேட்கலாம். மழித்துக்கொண்டான் என்றால் கேள்வியே இல்லை. அதே போல ‘பேணிக்கொள்’. வாக்கியத்துக்குள் அதையே எழுதுங்கள். தலைப்புக்கோ அகராதிக்கோ பெயர்ச்சொல் தேவைப்படும்போது மட்டும் தற்பேணல். ‘பேணிக்கொள்கை’ என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள், அமைச்சர் வந்து வெளியிட வேண்டியிருக்கும்.

ஒரு சந்தேகம். மழிப்பது எப்படிப் பேணலாகும்? நாள்தோறும் செய்கிற வேலைதானே? பல் தேய்ப்பதை யாரும் அப்படிச் சொல்வதில்லையே.

* * *

மறுமொழி

அனைவருக்கும் நன்றி. நீவல், நீவுதோல், நீவுதுணி, சவரக்கத்தி, பேணிக்கொள்ளுதல். ஐந்தையும் எடுத்துக்கொள்கிறேன். தற்பேணல் பின்னட்டையில் மட்டும் வரும்.

தற்பேணல் தந்த அம்மாவின் சந்தேகத்துக்கு என்னால் முடிந்த பதில். பல் தேய்க்கும்போது நான் போனைப் பார்க்கிறேன். கத்தியை விரித்த பிறகு பார்க்க முடியாது. ஒரு கை முகத்துத் தோலை இழுத்துப் பிடிக்கிறது, மறு கையில் கத்தி, முப்பது பாகைச் சாய்வில். சாய்வு கூடினால் வெட்டும், குறைந்தால் முடியைப் பிடுங்கும். தாடைக்குக் கீழே என் முடி சட்டென்று பக்கவாட்டில் திரும்பி வளர்கிறது. முப்பது வயது வரை எனக்கு அது தெரியாது. ரேசரில் மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும்? முதல் மாதம் அந்த இடத்தில் மட்டும் தினம் ஒரு சிவப்புக் கோடு, அதன்மேல் படிகாரம், அதன் எரிச்சல். இப்போது அங்கே வரும்போது மூச்சு தானாக நின்று, தாண்டியதும் விடுகிறது. கத்தி சரியாகப் போனால் மெல்லிய தாளைக் கிழிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். மழுங்கியிருந்தால் சத்தமே மாறிவிடும்.

வெந்நீர், தூரிகை, நுரை, முடியின் போக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, கழுவித் துடைத்து ஈரமில்லாமல் வைப்பது எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம். ஈரம் இருந்தால் துருப்பிடிக்கும், அதனால் கடைசியில்கூட அவசரப்பட முடியாது. மனம் சரியில்லாத நாளில் கத்தியைத் தொடவே மாட்டேன். கை நடுங்குகிறதா, கோபமாக இருக்கிறேனா என்று தினம் ஒரு முறையாவது என்னைப் பார்த்துக்கொள்கிறேன். வேறு எந்த வேலைக்கு முன்னாலும் நான் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

சரி, திருத்திய பகுதி இது:

“கத்தியை நீவுதோலில் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் சேர்ந்தே தோலைத் தொட வேண்டும். முதுகு முன்னால் போக, வாய் பின்தொடர, கத்தியின் எடையே போதும் என்று விட்டு நீவுங்கள். கோடியில் முதுகின்மேல் புரட்டித் திரும்புங்கள். வாயின்மேல் புரட்டினால் தோல் அறுபடும். தோலை இறுக்கிப் பிடியுங்கள், தொய்ந்தால் விளிம்பு உருண்டுவிடும். துணியில் இருபது, தோலில் நாற்பது போதும். நாள்தோறும் நீவுங்கள். நீவிய பிறகும் கத்தி முடியைப் பிடித்து இழுத்தால் மட்டும் கல்லில் தீட்டுங்கள், பலருக்கு அது சில மாதங்களுக்கு ஒரு முறைதான்.”

அதே நண்பரிடம் இதைக் கொடுத்தேன், புதிய தோலோடு. ஒன்றும் கேட்காமல் நீவினார். திரும்பும் இடத்தில் மட்டும் நின்று, “கோடி என்றால் தோலின் கோடியா, கத்தியின் கோடியா?” என்றார்.

‘தோலின் கடைசியில்’ என்று மாற்றியிருக்கிறேன். வேறு திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.