வீட்டில் ஊர்நாய் ஒன்று இருக்கிறது, மீட்பு அல்சேஷன் ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாமா?

கோண்டாவிலான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் வீமன் என்றொரு ஊர்நாய் நிற்கிறான். நாலு வயது, கருத்தடை செய்தாயிற்று. இப்போது கைதடியில் ஒரு தற்காலிக வீட்டில் மூன்று வயது அல்சேஷன் பெட்டை ஒன்று இருக்கிறது, பெயர் றோசி. வளர்த்த குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. கொஞ்சக் காலம் பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் சோறு வைத்தார்கள். பிறகு முடியாமல் ஒரு மீட்புக் குழுவுக்குச் சொல்லிவிட்டார்கள்.

எடுக்க எனக்கு விருப்பம். குழு அனுப்பிய படிவம் நாலு பக்கம்! மதில் எத்தனை அடி, சுற்றிவர மதிலா அல்லது எங்கேயாவது வேலியா, நாய் எத்தனை மணித்தியாலம் தனியாக நிற்கும், இருக்கிற நாய்க்கு ஊசி அட்டை உண்டா, வளவில் ஆடு கோழி உண்டா, வெளிநாடு போகும் எண்ணம் உண்டா, போனால் நாய் யாரிடம்... கடைசியில் வீடு பார்க்க ஆளும் வருமாம். எங்கள் வீட்டில் அம்மா, மனைவி, ஏழு வயது மகள். மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் கிடுகு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மாமாவின் ஆடுகள். நிரப்பவா, விடவா?

சுன்னாகம் சந்தை:
தம்பி, நான் காணி வாங்கி உறுதி எழுதும்போது நொத்தாரிசுகூட இவ்வளவு கேட்கவில்லை. நாயை விட்டுவிட்டுப் போனவர்களிடம் ஒரு கேள்வி இல்லை. சோறு போட வருகிறவனிடம் மதில் எத்தனை அடி என்று விசாரணை. எங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்ததெல்லாம் உரப்பையில், சைக்கிள் கரியரில். ஒருவரும் வீடு பார்க்க வரவில்லை, குட்டிகள் நன்றாகத்தான் வளர்ந்தன. இந்தக் கெடுபிடியைப் பார்த்து நல்ல ஆட்கள் கழன்றுவிடுவார்கள், நாய் கூட்டுக்குள்ளேயே கிடக்கும். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஊரில் ஒரு குட்டி எடுங்கள்.

வல்வெட்டி அக்கா:
அண்ணை, உரப்பையில் வந்த குட்டி வேறு, மூன்று வயது அல்சேஷன் வேறு. நான் அல்சேஷன் வளர்த்தவள், இப்போதும் ஒன்று நிற்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் இதைக் காவல் நாய் என்றே பழகிவிட்டோம். அடிப்படையில் இது மேய்ப்பு நாய். 1899இல் ஜேர்மனியில் ஸ்ரெபானிற்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி இந்த இனத்துக்குச் சங்கம் தொடங்கியபோது எடுத்துக்கொண்டது செம்மறி மேய்த்த நாய்களைத்தான். அங்கே மேய்ச்சல் துண்டுக்கும் பயிர்த் துண்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. நாய்தான் வேலி. நாள் முழுக்க அந்த எல்லையில் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டு, பயிருக்குள் காலை வைக்கிற செம்மறியைத் திருப்பி விடும். திரும்பாவிட்டால் தொடையிலோ கழுத்திலோ ஒரு பிடி. காயம் வராத பிடி, ஆனால் பிடி.

இப்போது அதைக் கோண்டாவில் வளவுக்குள் கொண்டுவந்து விடுங்கள். என்னுடையது மதில் ஓரமாக நடந்து நடந்து புல் செத்து, வெறும் மண்ணில் ஒரு சாண் அகலத்துக்கு ஒற்றையடிப் பாதை போட்டிருக்கிறது. மூலையில் திரும்புகிற இடம் குழிந்து, மழைக்குத் தண்ணீர் நிற்கும். வேலை கொடுக்காவிட்டால் அது தானாக எடுத்துக்கொள்கிற வேலை இது. குமரிலிருந்து கிழவி வரை ஒருவர் கேற்றைத் தாண்டினாலும் கணக்கு வைத்திருக்கும். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினால் வளைத்து ஒரு பக்கம் சேர்க்கப் பார்க்கும், குதிக்காலைக் கவ்வும். கோபத்தில் அல்ல. ஆனால் 25, 30 கிலோ நாய் இடித்தால் ஏழு வயதுப் பிள்ளை விழத்தான் செய்யும்.

அதனால் மதில், ஆடு, பிள்ளை என்று படிவத்தில் கேட்டது சும்மா அல்ல. கோண்டாவில் தம்பி, நிரப்புங்கள். கிடுகு வேலியை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள். ஆடு தெரிகிற பக்கம் அதுதான்.

நெல்லியடி மாஸ்டர்:
நான் இதற்கு முழுக்க எதிர். படிவத்துக்கு அல்ல, நாய்க்கு. இரண்டு அடுக்கு மயிரோடு குளிர் நாட்டுக்கென்று உருவான பிராணியைச் சித்திரை வெயிலில் சீமெந்து முற்றத்தில் வைத்திருப்பது அன்பா? பத்து மணிக்கே நாக்கு வெளியே தொங்கும். நாய்க்கு உடம்பால் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூடு இறக்கும். உடம்பு வெப்பம் 41 பாகை தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மின்சாரம் நின்ற ஒரு மத்தியானம் போதும்.

வீதியில் நிற்கிறவை இந்த வெயிலுக்கென்றே பிறந்தவை. இது ஒழுங்கைக்கு ஒரு வைரவர் கோயில் இருக்கிற ஊர். வைரவருக்கு வடை மாலை சாத்துகிறோம், அவருடைய வாகனம் கோயில் வாசலுக்கு வந்தால் கல் எடுக்கிறோம். அல்சேஷன் என்றதும் மட்டும் நாலு பேர் விண்ணப்பிப்பார்கள். சாதி பார்க்கிற குணம் நாயிலும் போகவில்லை.

வல்வெட்டி அக்கா:
மாஸ்டர், கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை, சரிதான். வெயில் கதைக்கு உண்டு. இந்த நாய் இங்கேயே பிறந்து மூன்று வருசம் இதே வெயிலில் நின்றது. திருப்பி அனுப்ப ஜேர்மனியில் அதற்கு வீடு இல்லை. கேள்வி, எந்த முற்றம் என்பதுதான். மாமர நிழலும் மண் தரையும் இருந்தால் அதுவே கிண்டிப் படுத்துக்கொள்ளும். நடக்கக் கூட்டிப்போவது விடிய ஐந்தரைக்கு முன், பிறகு பொழுதுபட்டு றோட்டுச் சூடு இறங்கின பிறகு. புறங்கையைத் தாரில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குப் பொறுக்காவிட்டால் அதற்கும் பொறுக்காது. ஒன்று சொல்ல வேண்டும், வெயில் என்று மயிரை மொட்டையடிக்க வேண்டாம். அந்த மயிர்தான் வெயிலையும் மறிக்கிறது. உதிர்கிற உள்மயிரைச் சீவி எடுத்தால் போதும்.

வெயிலைவிட எனக்குப் பயம் உண்ணி. உண்ணிக் காய்ச்சல் வந்தால் சாப்பாட்டை மறுத்துச் சுருண்டு படுக்கும். மேல் உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிப் போயிருந்தால், மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போனால், அடுத்த நாள் வரை பார்த்திருக்க வேண்டாம், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போங்கள். மாட்டுக்குப் போடுகிற உண்ணி மருந்தை யாராவது நல்லெண்ணத்தில் தந்தால் வாங்க வேண்டாம். மேய்ப்பு இனங்கள் சிலவற்றில், முக்கியமாகக் கோலியில், ஒரு மரபணுக் குறை உண்டு. ஐவர்மெக்டின் போன்ற மருந்து அளவு கூடினால் மூளைக்குள் போய்விடும். அல்சேஷனிலும் சிலவற்றுக்கு அது இருக்கிறது.

சுன்னாகம் சந்தை:
பார்த்தீர்களா, வைத்தியர், மரபணு, ஐந்தரை மணி நடை. இதெல்லாம் ஓய்வூதியக்காரருக்குச் சரி. ஒரு நாய் சூடை மீன் அவித்த தண்ணீரில் சோறு பிசைந்து தின்றுவிட்டு வாசலில் படுத்தால் போதாதா?

தீவுப்பகுதி ராசன்:
போதும், வீமனுக்கு. அவன் மத்தியானம் முழுக்கப் படுத்திருப்பான். மேய்ப்பு நாயை ஒரு நாள் முழுக்கச் சும்மா படுக்கவிட்டுப் பாருங்கள், அடுத்த நாள் உங்கள் செருப்பு, மகளின் புத்தகப் பை, தண்ணீர்க் குழாய் எல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கும்.

வீமனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே? படிவத்தில் அவனுடைய ஊசி அட்டை மட்டும்தான் இருக்கிறது. நாலு வருசமாகத் தனி ராசா. ஆணும் பெண்ணும், இரண்டுக்கும் கருத்தடை என்றால் சண்டைக்கு வாய்ப்புக் குறைவு, ஆனால் வீட்டுக்குள் நேராகக் கொண்டுவந்து கேற்றைச் சாத்தக் கூடாது. இரண்டுக்கும் பழக்கமில்லாத ஒரு வெறும் காணியிலோ வயல் வெளியிலோ, ஆளுக்கொரு கயிறு பிடித்து, நல்ல இடைவெளி விட்டு ஒரே திசையில் நடக்க வேண்டும். நேருக்கு நேர் முகத்தை முட்ட விடுவது வேண்டாம். இரண்டும் தம்பாட்டில் மண்ணை மோப்பம் பிடிக்கத் தொடங்கின பிறகு இடைவெளியைக் குறைக்கலாம். கயிற்றை இழுத்துப் பிடித்தால் உங்கள் பதற்றம் நாய்க்குப் போகும். வீட்டில் சாப்பாடு வேறு வேறு மூலையில். எலும்பு முதல் மாதம் கண்ணிலும் காட்டாதீர்கள், பழகாத நாய்கள் முதலில் கடிபடுவது எலும்புக்குத்தான்.

ஸ்காபரோ சிவா:
கனடாவுக்குப் போனவர்கள் என்று எல்லாரும் ஏறி மிதிக்கிறீர்கள். விமான நிறுவனம், கூடு, கடிதங்கள் என்று ஒரு பெரிய நாயைக் கொண்டுவர ஆகிற செலவு தெரியுமா? வந்து இறங்குகிறவன் அண்ணன் வீட்டு நிலக்கீழ் அறையில் இருக்கிறான். அங்கே அல்சேஷனுக்கு எங்கே இடம்? சட்டமும் இறுகிவிட்டது. 2022 செப்டெம்பர் 28 தொடக்கம் விசர்நோய் கூடிய நாடுகளிலிருந்து விற்கவோ தத்துக் கொடுக்கவோ நாய் கொண்டுவரக் கூடாது, இலங்கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

வல்வெட்டி அக்கா:
சிவா தம்பி, அந்தத் தடை வியாபாரத்துக்கும் தத்துக்கும். சொந்த நாயை உரியவர் விசர்நோய்த் தடுப்பூசிச் சான்றோடு கொண்டுபோகலாம். செலவு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். சட்டத்தில் போட வேண்டாம். கொண்டுபோக முடியாதென்றால் விசா வருகிற வரை வருசக்கணக்கில் நேரம் இருந்தது, அதற்குள் ஒரு வீடு தேடியிருக்கலாம். விமானத்துக்கு முதல் நாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து "கொஞ்சம் பாருங்கோ" என்றால் எப்படி?

கைதடியில் சோறு வைக்கிறவள்:
நான் அந்தக் குழுவில் உதவிக்குப் போகிறவள். இங்கே பேர் போடவில்லை. றோசிக்குக் கருத்தடை செய்தாயிற்று, ஊசிகளும் போட்டாயிற்று. சாப்பாட்டுக்குச் சண்டை பிடிக்காது, வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போய்விடும். ஆடு கண்டால் என்ன செய்யும் என்று நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

படிவம் நீளம் என்கிற அண்ணைக்கு: எங்களிடம் வந்த சாதி நாய்களில் நிறையவற்றுக்கு ஒரே கதை. சாப்பாடு இல்லாமல் வரவில்லை, அடிபட்டும் வரவில்லை. வீட்டார் போய்விட்டார்கள். அதனால்தான் வெளிநாட்டுக் கேள்வி மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. மதில் குறைவென்றால் வலை அடிக்கலாம். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று எழுதிவிட்டு ஒன்றரை வருசத்தில் நாயைத் திருப்பிக் கொண்டுவந்தால் நாங்கள் எதை அடிப்பது?

நெல்லியடி மாஸ்டர்:
கோண்டாவில் தம்பி, இத்தனை பேர் எழுதிவிட்டோம். நீங்கள் முதல் பதிவில் எல்லாவற்றுக்கும் விவரம் சொன்னீர்கள், மதில், வேலி, ஆடு, மகள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சொல்லவில்லை.

கோண்டாவிலான்:
மாஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். மனைவி தாதி. இங்கிலாந்தில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறா. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் முதலில் அவா, பிறகு நானும் மகளும். அம்மா இங்கேதான், வீமனும் அம்மாவோடுதான். அம்மாவுக்கு வீமனைச் சமாளிக்கலாம், பெரிய அல்சேஷனைக் கயிற்றில் பிடிக்க ஏலாது.

சுன்னாகம் சந்தை:
இதையெல்லாம் எழுதினால் தரமாட்டார்கள். "இல்லை" என்று போடுங்கள். நாளைக்கு நடப்பது யாருக்குத் தெரியும்? இன்றைக்கு நாய்க்கு வீடு கிடைக்கிறது.

வல்வெட்டி அக்கா:
றோசியின் முதல் வீட்டாரும் இதைத்தான் நினைத்திருப்பார்கள்.

கைதடியில் சோறு வைக்கிறவள்:
அண்ணா, "இல்லை" என்று போட வேண்டாம். எங்களிடம் தற்காலிக வீட்டுக்கென்று வேறு படிவம் இருக்கிறது, ஒன்றரைப் பக்கம்தான். இப்போது றோசி நிற்கிற வீட்டில் வேறு மூன்று நாய்கள், அந்த அம்மாவுக்கும் ஏலாமல் இருக்கிறது. நிரந்தர வீடு கிடைக்கும் வரை நீங்கள் வைத்திருக்கலாம். வைத்திய செலவு குழு பார்க்கும். உங்கள் விசா சரிவராமல் போனால் அப்போது நாலு பக்கப் படிவத்தை நிரப்புங்கள்.

தீவுப்பகுதி ராசன்:
இது நல்ல யோசனை. வீமனுக்கும் ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும்.

நெல்லியடி மாஸ்டர்:
நல்லது என்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் பழகி, பிறகு இன்னொரு வீடு, அந்த நாய்க்கு இது எத்தனையாவது? மகளுக்கும் ஒட்டிவிடும். பிரிக்கிற நாளில் இரண்டு அழுகை. அதற்கு நான் முன்பு சொன்ன வீதிக் குட்டியே மேல், அம்மா தொடர்ந்து வளர்ப்பா.

கோண்டாவிலான்:
மாஸ்டர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மகளிடம் முதலிலேயே சொல்லித்தான் கொண்டுவர வேண்டும். மனைவியோடும் அம்மாவோடும் கதைத்தேன். தற்காலிகப் படிவத்தைத்தான் அனுப்பியிருக்கிறேன். வெளிநாட்டுக் கேள்விக்கு உள்ளதை அப்படியே எழுதினேன். மாமா ஆடுகளைப் பின்வளவுக்கு மாற்றிக் கட்டுவதாகச் சொன்னார், ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு தரம் வந்து நாயைத் திட்டுவார் என்பது உறுதி. கிடுகு வேலிக்கு உள்பக்கமாகக் கம்பி வலை அடிக்கப் போகிறேன். அக்கா, எத்தனை அடி உயரம் போதும்?

வல்வெட்டி அக்கா:
ஆறு அடிக்குக் குறைய வேண்டாம். கீழே ஒரு முழம் மண்ணுக்குள் போக வேண்டும், கிண்டும். வலையை அடித்துவிட்டு வீடு பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள், முதலில் கூப்பிட வேண்டாம்.

சுன்னாகம் சந்தை:
வலைக்கு எங்கள் பக்கம் வாருங்கள், தெரிந்த கடை, விலை குறைத்துத் தரச் சொல்கிறேன். படிவம் பற்றி என் கருத்தில் மாற்றமில்லை.