தங்கிலீஷ் பதிவு யாரைப் போய்ச் சேருது? அனுபவம் சொல்லுங்க

நூல்கண்டு: ஈரோட்டுல சேலை வியாபாரம் பண்றேன். முகநூல்ல முழுக்க இங்கிலீஷ்ல போட்டப்ப லைக் விழும், ஆர்டர் வராது. இப்ப பாதி தமிழ், பாதி தங்கிலீஷ். "தம்பி, அந்த அரக்குல பச்சை பார்டர் இருக்கா"ன்னு அம்மாக்கள் வாய்ஸ் நோட் போடுறாங்க. உங்க பக்கம் எப்படி?

பினாங்குக்காரி: மலேசியாவுல எங்களுக்கு மூணு மொழி அண்ணே. "பாசார் மாலாம் போனோம், மீ கோரெங் தாப்பாவ் பண்ணோம், எட்டு வெள்ளி"ன்னு (ராத்திரிச் சந்தைக்குப் போய் வறுத்த நூடுல்ஸ் பார்சல் வாங்கினோம், எட்டு ரிங்கிட்) போட்டா இங்க யாருக்கும் உறுத்தாது. சென்னை அத்தைக்குத்தான் தலைகால் புரியாது. அவங்களுக்காக மாத்தி எழுதினா, "என்ன லா, செய்தி வாசிக்கிறியா"ன்னு தோழிங்க ஓட்டுவாங்க. அத்தை போன் பண்ணிக் கேட்டுக்கட்டும்.

செவிவழி: எனக்குப் பார்வை கிடையாது. திரையில இருக்கிறதைப் போன்ல டாக்பேக், கம்ப்யூட்டர்ல என்விடிஏன்னு ஒரு மென்பொருள் வாசிச்சுக் காட்டும். மொழி கலக்குறது எனக்குப் பிரச்சினையே இல்ல. 'டெலிவரி', 'டிஸ்கவுண்ட்' எல்லாம் தமிழ் எழுத்துல இருந்தா தமிழ்க் குரல் கொஞ்சம் இழுத்தாலும் சொல்லிரும். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறப்பதான் தொல்லை. இங்கிலீஷ் குரல் அதை வாங்கி, தமிழே தெரியாத ஆள் மாதிரி கடகடன்னு ஓட்டும். குறில் நெடில் எல்லாம் போச்சு. எழுத்தெழுத்தா நிறுத்திக் கேட்டு நானே கூட்டிப் படிக்கணும். கல்யாண வீட்டு வாட்ஸ்அப் குரூப்னா கேக்கவே வேணாம். (வரிசையா ஸ்மைலி போடுறவங்களே, ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லிட்டுத்தான் அது அடுத்த வரிக்குப் போகும்!)

பழையபோன்: தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிற பழக்கம் எஸ்எம்எஸ் காலத்துது. இங்கிலீஷ் எழுத்துன்னா ஒரு செய்தியில 160 அடங்கும், தமிழ்னா 70தான். 'கொ' ஒண்ணுக்கே ரெண்டு இடம் போயிரும். நாலு வரி தமிழ்ல அனுப்பினா ரெண்டு மூணு எஸ்எம்எஸ் காசு. வாங்குற போன்ல தமிழ் எழுத்து இல்லேன்னா வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியும். இப்ப கூகுளோட ஜிபோர்டு கீபோர்டுல இங்கிலீஷ் எழுத்தை அடிச்சாலே தமிழா விழுது. ஆனா விரலுக்குப் பழகினது பழகினதுதான்.

நூல்கண்டு: செவிவழி சார், அடுத்த சேலைப் பதிவைத் தமிழ் எழுத்துலயே போடுறேன். கேட்டுப் பார்த்துச் சொல்றீங்களா?

செவிவழி: கண்டிப்பா. விலையையும் கலரையும் படத்துக்குள்ள எழுதிராதீங்க, கீழ தனியா டைப் பண்ணுங்க. என் தங்கச்சிக்கு அரக்கு வேணுமாம்.