'ஸ்லோ பர்ன்' உத்திக்குப் 'பொருமல்' சரிவருமா?

நண்பர்களுக்கு,

பழைய ஹாலிவுட் நகைச்சுவைச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோமே, அதில் 'ஸ்லோ பர்ன்' இன்னும் முடிவாகவில்லை. கோபத்தை அடக்கி அடக்கி, மெதுவாக ஏறவிட்டுக் கடைசியில் வெடிக்கும் நடிப்பு உத்தி அது. 'மெல்லெரிவு' எனக்கு ஏதோ நோயின் பெயர்போலக் கேட்கிறது. 'நீறுபூத்த நெருப்பு' அழகுதான். ஆனால் அதில் நெருப்பு வெளியே தெரியாது. இங்கே கோபம் ஏறுவது பார்ப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும், சிரிப்பே அதில்தான்.

இந்த உத்திக்குப் பேர்போனவர் அமெரிக்க நகைச்சுவை நடிகர் எட்கர் கென்னடி. 1931 முதல் 1948இல் இறக்கும்வரை ஆர்.கே.ஓ. படநிறுவனத்துக்கு அவர் நடித்த குறும்படங்களில், மனைவியோடு நிம்மதியாக ஒரு பொழுதைக் கழிக்க விடாமல் மாமியாரும் தண்டச்சோறு மைத்துனனும் நடுவே வந்து நிற்பார்கள். கென்னடி உடனே கத்த மாட்டார். வாயைத் திறப்பார், மூடுவார். வழுக்கைத் தலையில் கையை வைத்து, நெற்றி, மூக்கு, வாய் என்று முகம் முழுக்க மெதுவாகத் தடவி இறக்குவார். வெடிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். 1933இல் வந்த 'டக் சூப்' படத்தில் எலுமிச்சைச் சாறு விற்பவராக வந்து மார்க்ஸ் சகோதரர்கள் என்ற நகைச்சுவைக் குழுவிடம் மாட்டிக்கொள்வாரே, அங்கேயும் இதே கதைதான்.

கோபம் படிப்படியாக ஏற வேண்டும், எதிரே நிற்பவர் மாமியார் என்பதால் அதை விழுங்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்த சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: பொருமல். வினையும் கூடவே கிடைக்கிறது: பொருமினார், பொருமிக்கொண்டே நின்றார். வயிற்றுப் பொருமல் ஞாபகம் வருமே என்பீர்கள். வரட்டுமே, அதுவும் உள்ளே அடைபட்டு உப்புவதுதானே?

எது பொருமல் இல்லை என்றும் இந்தச் சொல்லால் சொல்ல முடிகிறது. மௌனப்பட நகைச்சுவை நடிகர் ஹெரால்டு லாயிடின் 'ஹாட் வாட்டர்' (1924) படத்தில் அவர் மனைவியை மகிழ்விக்கப் புதுக் கார் வாங்குவார். முதல் சவாரிக்கே மாமியாரும் மைத்துனர்களும் ஏறிக்கொள்வார்கள். மாமியார் பின்னாலிருந்து ஓட்டச் சொல்லிக்கொடுக்க, வீடு திரும்புவதற்குள் கார் உருத்தெரியாமல் போய்விடும். மாமியார் தொல்லை என்றால் அதுதான் தொல்லை! ஆனாலும் லாயிட் பதறுவார், ஓடுவார், சமாளிப்பார், பொருமுவதில்லை. அந்தக் காட்சியை இந்தத் தலைப்பின்கீழ் எடுத்துக்காட்டாகப் போட வேண்டாம்.

'டபுள் டேக்' உத்தியையும் இதோடு சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். கூடாது. அது சட்டென்று திரும்பிப் பார்க்கும் ஒரு நொடி வேலை, பொருமலுக்கு நேரம் வேண்டும். 'டபுள் டேக்'குக்குத் தனியாகச் சொல் தேடுவோம்.