மேலே மீன் கல்லாகிறது, கீழே மாவு பொங்குகிறது

கேள்வி: சுங்கை சிப்புட் மாவுக்காரி

வணக்கம். தோட்டத்து லயத்தை விட்டுப் பட்டணத்துத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்து 11 வருடம் ஆகிறது. வீட்டில் தோசை மாவு அரைத்து விற்கிறேன். சாதாரண நாளில் 30 பாக்கெட், சனி ஞாயிறில் 50. செம்பனை ஆலையில் காலை வேலைக்குப் போகிறவர்களின் வீட்டுப் பெண்கள் ஐந்தரைக்கே வாசலில் நிற்பார்கள். என் ஐஸ் பெட்டி வெறும் வீட்டுச் சாமான் இல்லை, என் கடையே அதுதான்.

இரண்டு கதவுப் பெட்டி, பனி கட்டாத வகை, வாங்கி 7 வருடம். மேல் அறையில் மீன் கல்லாகக் கிடக்கிறது. கீழ் அறையில் இரவு வைத்த மாவு விடிவதற்குள் பொங்கிவிடுகிறது. பாக்கெட்டுகள் பலூன் போல உப்பி, ஒன்று வெடித்தே விட்டது. கத்தரிக்காயின் மேல் வழிந்த மாவைத் துடைத்துக்கொண்டே அழுதேன்.

ரிப்பேர்காரர் ஒருவரை அழைத்தேன். பின்பக்கம் தொட்டுப் பார்த்துவிட்டு “கேஸ் தீர்ந்துவிட்டது” என்றார். பெட்டியை வாசலுக்கு இழுத்து, கதவுகளைத் திறந்து போட்டுவிட்டுப் போனார். மறுநாள் வந்து கேஸ் அடித்தார். 180 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). 9 நாள் அருமையாக ஓடியது. பத்தாம் நாள் மறுபடியும் மாவு புளித்தது. இப்போது “இன்னும் கொஞ்சம் கேஸ் வேண்டும், 120 வெள்ளி ஆகும்” என்கிறார். போடட்டுமா, பெட்டியையே மாற்றட்டுமா? என் மாமியார் தன் பங்குக்குத் திருப்புளியை எடுத்துக்கொண்டு “பின்னால் பனி இருக்கும், நான் கொத்திவிடுகிறேன்” என்று நிற்கிறார்.

பதில்: ஈப்போவாசி

7 வருடம் ஓடியதே பெரிது, அக்கா. ரிப்பேருக்குக் கொட்டும் பணத்தைச் சேர்த்து இன்வெர்ட்டர் வகை வாங்குங்கள். கடையில் ஒட்டியிருக்கும் மின்சக்திச் சீட்டில் 5 நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள், மின்கட்டணமும் குறையும்.

பதில்: ஓய்வுபெற்ற சார்ஜ்மேன், கோல கங்சார்

தம்பி, அவசரப்படாதீர்கள். அம்மா, முதலில் உங்கள் மாமியாரிடமிருந்து அந்தத் திருப்புளியை வாங்கி வையுங்கள். பெட்டியின் உள்ளே அல்லது முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் ‘ஆர்600ஏ’ என்று இருந்தால் அது தீப்பிடிக்கும் வாயு. அலுமினியக் குழாயில் ஒரு துளை விழுந்தால் பெட்டியின் கதை முடிந்தது.

நான் செம்பனை ஆலையில் 26 வருடம் மின்பிரிவில் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்தார் பெட்டிகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்குப் போதும்: “கதவுகளைத் திறந்து போட்டுவிட்டுப் போனார்.” உங்கள் பெட்டியை 9 நாள் ஓட வைத்தது கேஸ் இல்லை, அந்த ஓர் இரவுதான்.

கேஸ் என்பது மோட்டார்சைக்கிள் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவதுதான். அதோடு, கேஸ் குறைந்த பெட்டியில் மேல் அறையும் பெரும்பாலும் சோர்ந்துவிடும். உங்கள் மீன் கல்லாக இருக்கிறதே.

இந்த வகைப் பெட்டியில் குளிரை உண்டாக்கும் சுருள் ஒன்றே ஒன்று. அது மேல் அறையின் பின்தட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஒரு சிறு மின்விசிறி அந்தக் குளிரை மேலே வீசி, ஒரு பகுதியைக் குழாய் வழியாகக் கீழே தள்ளுகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போய்ச் சுருளில் பனியாகப் படியும். அதைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை உருக்க உள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. அந்த ஏற்பாட்டில் ஏதாவது ஒன்று செத்தால் பனி சுவராக வளர்ந்து காற்றுவழியை அடைத்துவிடும். மேலே சுருளுக்குப் பக்கத்தில் இருப்பதால் குளிர் இருக்கும், கீழே காற்றே வராது. காலை ஐந்தரைக்கு எத்தனை முறை கதவு திறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், பனி ஏன் இவ்வளவு வேகமாக வளர்கிறது என்று புரியும்.

இன்று செய்யுங்கள்: மேல் கதவைத் திறந்து, கதவு அழுத்தும் சிறு பொத்தானை விரலால் அழுத்திக் காது கொடுங்கள். விசிறி ஓடும் ஓசை கேட்க வேண்டும். சில பெட்டிகளில் இரண்டு பொத்தான் இருக்கும், இரண்டையும் அழுத்துங்கள். ஓசையே இல்லையென்றால், அல்லது பனியில் உரசிக் கரகரவென்றால், எனக்கு எழுதுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, சாமான்களை அடுத்த வீட்டில் வைத்து, இரண்டு கதவையும் 24 மணி நேரம் திறந்து விடுங்கள். கீழே பழைய துணி போடுங்கள், தண்ணீர் நிறைய வரும். திரும்பப் போட்டதும் கீழ் அறை குளிர்ந்து, சில நாளில் மறுபடி சூடேறினால், குற்றவாளி உருக்கும் ஏற்பாடுதான். ஹீட்டர், பைமெட்டல், டைமர் இந்த மூன்றில் ஒன்று.

பைமெட்டல் பற்றி ஒரு வார்த்தை. அது குளிர்ந்தால் மட்டும் மின்சாரத்தை விடும் சிறு பொத்தான். கையில் சூடாக இருக்கும்போது மீட்டர் வைத்தால் எதுவும் காட்டாது, அதை வைத்தே ‘போய்விட்டது’ என்று நல்லதைக் கழற்றி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறொரு பெட்டியின் உறைபகுதியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்த உடனே அளந்தால்தான் உண்மை தெரியும்.

கதவு ரப்பரையும் பாருங்கள். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள், இறுக்கம் தெரிய வேண்டும். சிலர் ஒரு வெள்ளி நோட்டை வைப்பார்கள். அது நெகிழி நோட்டு, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். செய்தித்தாள் போதும்.

பதில்: மாவுக்காரி

விசிறி கரகரக்கிறது, ஐயா! மாமியார் திருப்புளியை இன்னும் தரவில்லை. பெட்டியின் பக்கச்சுவர் சூடாக இருக்கிறதே, அது?

பதில்: ஓய்வுபெற்ற சார்ஜ்மேன், கோல கங்சார்

அது நோய் இல்லை. வெப்பத்தை வெளியேற்றும் குழாய் இப்போதெல்லாம் சுவருக்குள் ஓடுகிறது. சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்து வையுங்கள், காற்று போகட்டும்.

பதில்: தமிழ்ப்பள்ளி ஆசிரியை

அந்த 180 வெள்ளிக்கு ரசீது இருக்கிறதா? பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. பொருளுக்கு மட்டுமல்ல, வேலைக்கும் கேட்கலாம். ரசீதே இல்லாமல் போனால் பேச்சுக்குப் பேச்சு என்றாகிவிடும்.

பதில்: மாவுக்காரி

ரசீது இருக்கிறது. “கேஸ்” என்று ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறார், அதற்குக் கீழே 180.

24 மணி நேரம் திறந்து விட்டேன். மூன்று பேசின் தண்ணீர் பிடித்தேன். 8 நாள் நன்றாக ஓடி, ஒன்பதாம் நாள் கீழ் அறை மீண்டும் சூடேறியது. சார்ஜ்மேன் ஐயா சொன்னதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வேறொரு ரிப்பேர்காரரை அழைத்தேன். முதலில் சிரித்தார். பின்தட்டைக் கழற்றியதும் சிரிப்பு நின்றது. சுருள் கண்ணுக்கே தெரியவில்லை, பஞ்சுமெத்தை போல வெள்ளையாகப் பனி. ஹீட்டர் நன்றாக இருந்தது. பைமெட்டலை அடுத்த வீட்டு ஐஸ் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து அளந்தோம், மீட்டர் அசையவில்லை. அதுதான் செத்திருந்தது, மாற்றினார். பொருளும் கூலியும் சேர்த்து 75 வெள்ளி.

இன்று 23 நாள். கீழ்த் தட்டில் ஒரு குவளைத் தண்ணீருக்குள் வெப்பமானியைப் போட்டு வைத்திருக்கிறேன், 4 டிகிரி காட்டுகிறது. மாவு அசையாமல் கிடக்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற சார்ஜ்மேன், கோல கங்சார்

நல்லது. தட்டைக் கழற்றியபோது, உருகிய பனித்தண்ணீர் வடியும் துளையில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தீர்களா?

பதில்: மாவுக்காரி

ஊற்றினோம். பின்னால் மோட்டாருக்கு மேல் இருக்கும் தட்டில் வந்து விழுந்தது. அதில் காய்ந்த பல்லி ஒன்று மிதந்தது. மாமியாரிடம் சொல்லவில்லை.